வாய் நீளமான சாட்சி

"மீன் குடலை உருவலாம், எச்சில் தட்டைக் கழுவலாம், பிள்ளைங்களுக்கு ஏ பி சி டி மட்டும் சொல்லித்தரக் கூடாதா? இது என்ன சட்டம் ஐயா?"

மேசையில் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு கேட்டாள் போங்-சுன். கொரியாவின் பூசான் நகரக் குடியேற்ற அலுவலகத்தின் மூன்றாவது அறை அது. அதிகாரி நாம்குங் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்களைக் கசக்கிக்கொண்டார். காலையிலிருந்து இது ஒன்பதாவது விசாரணை.

"அம்மா, இவருக்குக் கொடுத்தது விடுமுறை விசா. ஊரைச் சுத்திப் பாக்கலாம், கைச்செலவுக்கு ஏதாவது வேலை செஞ்சுக்கலாம். பாஷை சொல்லித்தரணும்னா அதுக்குத் தனி விசா இருக்கு. சட்டத்தை நான் எழுதல."

பக்கத்து நாற்காலியில் கோர்மாக் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். அயர்லாந்துக்காரன், இருபத்து நான்கு வயது. பத்து மாதமாகப் போங்-சுன்னின் சூப்புக்கடை மாடியறையில் வாடகைக்கு இருக்கிறான். காலையில் மீன் கிடங்கில் வேலை. சாயங்கால வேலைதான் இப்போது மேசைக்கு வந்திருந்தது.

"நீங்க சொல்லுங்க தம்பி. அந்த டியூஷன் சென்டர்ல என்ன செய்றீங்க?"

"விளையாடுவேன் சார். பிள்ளைங்களோட." டியூஷன் முதலாளி சொல்லிக்கொடுத்த பதில். தட்டுத்தடுமாறித்தான் சொன்னான், ஆனால் கொரிய மொழியிலேயே சொன்னான். "விருந்தாளியாப் போவேன். அவ்வளவுதான்."

"அதான் சொல்றான்ல!" என்று குறுக்கே விழுந்தாள் போங்-சுன். "வாரத்துக்கு நாலே நாலு நாள்தான் போறான். அஞ்சு மணிக்குப் போனா ஒன்பது மணிக்கெல்லாம் திரும்பிடுவான். இதையெல்லாம் போய் வேலைன்னு சொல்லுவாங்களா?"

அதிகாரியின் பேனா நகர்ந்தது.

"சித்தி," என்றான் கோர்மாக் மெதுவாக. "கொஞ்சம் பேசாம இருங்க."

"நீ சும்மா இருடா, உனக்குப் பேசத் தெரியல. ஐயா, பெரிய வகுப்புன்னு நினைச்சுக்காதீங்க. ஒரு வகுப்புக்குப் பன்னிரண்டு பிள்ளைங்கதான். இவனே கேள்வித்தாள் எழுதுறான், இவனே திருத்துறான், பாவம். என் கடை மேசையில உக்காந்துதான் திருத்துவான். வேணும்னா ஒரு கட்டு எடுத்துட்டு வந்து காட்டவா?"

"வேண்டாம்மா, போதும்." நாம்குங் பக்கத்தைத் திருப்பினார். "நீங்க இவர் பக்கம்தானே?"

"பின்னே? வேற யார் பக்கம்?"

கோர்மாக் வாயைச் சட்டைக் கையால் பொத்திக்கொண்டு இருமினான். இருமல் நிற்க நேரமாயிற்று. இருமி முடித்ததும் நாற்காலியின் நுனிக்கு வந்தான்.

"சார், அபராதம் போடுங்க, கட்டிடறேன். திருப்பி மட்டும் அனுப்பாதீங்க. நான் உருப்பட மாட்டேன்னு எங்கப்பா எல்லார் முன்னாடியும் சொன்னார். உருப்பட்டுக் காட்டறேன்னு சொல்லிட்டு வந்தேன். இப்ப எந்த முகத்தோட போறது?"

"வீட்ல கூப்பிடறாங்களா?"

"அம்மா கூப்பிடுவாங்க. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும். அடுத்த மாசம், அடுத்த மாசம்னு சொல்லிட்டு இருக்கேன்."

"உடம்பு எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கேன்."

"நல்லாத்தான் இருக்கான்," என்றாள் போங்-சுன். "குளிர்காலத்துல ரெண்டு தடவை நுரையீரல்ல சளி கட்டி ஆஸ்பத்திரில கிடந்தான். ஓய்வெடுக்கலைன்னா மூணாவது தடவை தாங்காதுன்னு டாக்டர் சொன்னார். மறுநாளே கிடங்குக்குப் போயிட்டான். அவ்வளவு உழைப்பாளி ஐயா!"

நாம்குங் பேனாவை மூடினார். இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பதினஞ்சு நாள் தர்றேன். அதுக்குள்ள நீங்களே டிக்கெட் எடுத்துக் கிளம்பிடணும் தம்பி. இல்லைன்னா நாங்க அனுப்புற மாதிரி ஆயிடும்."

போங்-சுன் மேசையைத் தட்டினாள். தண்ணீர்க் குவளை குலுங்கியது.

"உங்களுக்கெல்லாம் மனசுன்னு ஒண்ணு இருக்கா? ஊர்ல எவ்வளவு பேர் என்னென்னவோ செய்றாங்க, இவன் ஒருத்தன்தான் கண்ணுல பட்டானா?"

கோர்மாக் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "விடுங்க சித்தி. உங்களால முடிஞ்சதைச் செஞ்சீங்க."

கைரேகை எடுக்க அவனைப் பக்கத்து அறைக்கு அழைத்துப் போனார்கள். கதவு மூடியதும் போங்-சுன் அவன் இருந்த நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். இவ்வளவு நேரம் சத்தம் போட்டவள் இவள்தானா என்று தோன்றும்படி தோள்கள் தளர்ந்திருந்தன. நாம்குங் ஒரு காகிதக் கோப்பையில் காப்பி கலந்து அவள் முன்னால் வைத்தார்.

"உங்களுக்குப் பிள்ளைங்க?"

"ஒருத்தன் இருந்தான். தே-யங்னு பேரு. இதே மாதிரி விசாவுலதான் ஆஸ்திரேலியா போனான். பழத்தோட்டத்துல வேலை. இந்த அறுவடை முடிஞ்சதும் வந்துடறேன்மான்னு மூணு அறுவடைக்குச் சொன்னான். காய்ச்சலோட ஏணில ஏறியிருக்கான், விழுந்தவன் எந்திரிக்கவே இல்ல. ஆறு வருஷமாச்சு."

காப்பியில் ஆவி அடங்கிக்கொண்டிருந்தது. அவள் அதைத் தொடவில்லை.

"அங்கே அவன் மேல யாரும் ஒரு தப்பும் கண்டுபிடிக்கல ஐயா. கண்டுபிடிச்சிருந்தா திருப்பி அனுப்பியிருப்பாங்க."

நாம்குங் விசாரணை ஃபைலை மூடிக் கட்டினார்.

"மறுபடி நாட்டுக்குள்ள விடாத தடைப் பட்டியல்ல இவர் பேர் வராதும்மா, கவலைப்படாதீங்க. திங்கக்கிழமை போன் பண்ணி இவர் மேல புகார் கொடுத்தப்போ நீங்க கேட்டுக்கிட்டது அது ஒண்ணுதானே."

"மெதுவாப் பேசுங்க ஐயா," என்றாள் போங்-சுன், மூடிய கதவைப் பார்த்தபடி. "அவன் வெளிய வந்ததும் நான் இன்னும் கொஞ்சம் உங்களோட சண்டை போடணும்."