வயிற்றுவலி லீவு

சாம்பல் நிறக் கார் இன்னும் போகவில்லை.

மேல்மாடித் திரைச்சீலையை ஒரு விரலால் விலக்கிப் பார்த்த பாலேந்திரா சட்டென்று பின்வாங்கினார். காருக்குள் இரண்டு பேர். ஒருவன் தாடிக்காரன், மற்றவன் கழுத்தில் பாம்பு பச்சை குத்தியவன். நேற்று மாலை தொடக்கம் லண்டன் குட்மேய்ஸில் அவருடைய வீட்டு வாசலுக்கு நேரே நிற்கிறார்கள். மணி இப்போது காலை ஆறு.

பத்து மணிக்கு அவர் நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல வேண்டும். நாலு மாதத்துக்கு முன் அவருடைய மரக்கறிக் கடை வாசலில், பட்டப்பகலில், போதைத்தூள் கும்பல்காரன் ஒருவன் ஓர் இளைஞனைக் குத்திக் கொன்றான். பார்த்தவர்கள் எட்டுப் பேர். ஏழு பேருக்கு ஒருவர் பின் ஒருவராக ஞாபகமறதி வந்துவிட்டது. பாலேந்திராவும் வாய் திறக்காவிட்டால் குத்தியவன் கையை வீசிக்கொண்டு வெளியே வந்துவிடுவான்.

சாட்சிகளை விடுங்கள், பொலிஸுக்கே நடுக்கம். கும்பல் பொலிஸ்காரரின் வீடுகளைப் படம் எடுத்து அவர்களுக்கே அனுப்பியது. ஒருவருடைய காரை எரித்தது. அதோடு ஸ்டேஷனில் ஒன்பது பேர் வரிசையாக 'வயிற்றுவலி' என்று எழுதிக் கொடுத்துவிட்டு லீவில் போய்விட்டார்கள். லண்டன் பொலிஸின் வயிறு இவ்வளவு பலவீனமானது என்று பாலேந்திரா அதுவரை அறிந்திருக்கவில்லை.

வழக்கைப் பார்க்கிற இன்ஸ்பெக்டர் கோசிகா, கிங்ஸ்பரியில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளை. நேற்று மத்தியானம் பாலேந்திராவைப் போனில் அழைத்து, காவலுக்கு அனுப்பத் தன்னிடம் ஆள் இல்லை என்று சொல்லியிருந்தாள். ஸ்டேஷனுக்குள்ளேயே கும்பலின் காது இருக்கிறது, இனித் தனக்குப் போன் எடுக்கவும் வேண்டாம், நேரத்துக்கு நீதிமன்றத்துக்கு வந்து சேர்ந்தால் போதும் என்றாள். எப்படி வந்து சேர்வது என்பதை அவள் சொல்லவில்லை.

"இஞ்சேருங்கோ, ஏன் இப்பிடி நடுங்கிறீங்கள்?" என்றபடி வந்தார் மனைவி கமலாம்பிகை. கையில் ஒரு சின்னத் தகரப் பேணி.

பாலேந்திராவுக்கு அந்தப் பேணியைத் தெரியும். யாழ்ப்பாணத்து நாட்டு வைத்தியப் பரியாரியார் உருட்டிக் கொடுத்த பேதிக்குளிசை. வருஷத்துக்கு இரண்டு தரம் வீட்டில் எல்லோருடைய வயிற்றையும் கழுவுகிற வழக்கத்தை, லண்டனுக்கு வந்து முப்பது வருஷமாகியும் கமலாம்பிகை விடவில்லை. பிள்ளைகள் அதற்குப் பயந்தே தூரத்துப் பல்கலைக்கழகங்களாகப் பார்த்துப் படிக்கப் போனார்கள்.

"இதை வைச்சு என்ன செய்யப் போறீர்?"

"கோப்பி குடுக்கப் போறன். கொலைகாரன் எண்டாலும் இந்தக் குளிருக்கை சுடச்சுடக் கோப்பியை வேண்டாம் எண்டு சொல்லான்."

அளவு ஆளுக்கு ஒரு குளிசை. கமலாம்பிகை ஆளுக்கு மூன்றாகப் பொடித்தார். கசப்புத் தெரியாமல் இருக்கச் சுக்கையும் மல்லியையும் அள்ளிப் போட்டார். பக்கத்தில் நாலு உளுந்து வடை வைத்து, தட்டை ஏந்திக்கொண்டு நேரே காரடிக்கே நடந்தார். மேலே நின்ற பாலேந்திரா தெரிந்த கடவுள்களையெல்லாம் கூப்பிட்டார்.

இருவரும் முதலில் கையை அசைத்து மறுத்தார்கள். கமலாம்பிகை மறுப்பதற்கெல்லாம் நகர்கிற ஆள் இல்லை. மூன்றாம் தரம் நீட்டியதும் வாங்கிக்கொண்டார்கள். தாடிக்காரன் இரண்டாவது கோப்பையும் கேட்டான். பச்சை குத்தியவன் வடையை மென்றபடி மேல்மாடியை நிமிர்ந்து பார்த்துக் கண்ணடித்தான். 'இன்றைக்கு உன் கதை முடிந்தது' என்று பாலேந்திரா அதற்கு அர்த்தம் எடுத்துக்கொண்டார்.

ஏழே முக்காலுக்குத் தாடிக்காரன் காரிலிருந்து இறங்கி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தான். மற்றவனும் இறங்கினான். இரண்டு பேருக்கும் வியர்த்துக் கொட்டியது. அடுத்த நிமிடம் இருவரும் திரும்ப ஏற, கார் ஹோர்ன் அடித்துக்கொண்டு தெருமுனையைத் தாண்டிப் பறந்தது.

நாலு மாதத்தில் முதல் தடவையாகப் பாலேந்திரா வாய்விட்டுச் சிரித்தார். கோட்டைப் போட்டுக்கொண்டு முன் வாசலாலேயே இறங்கி நடந்து, ரயில் ஏறினார்.

சாட்சிக் கூண்டில் அவருடைய குரல் துளியும் நடுங்கவில்லை. "இவர்தான்" என்று விரல் நீட்டிக் காட்டினார். எதிர்த்தரப்பு வக்கீல் ஒரு மணி நேரம் குடைந்தும் அவரை அசைக்க முடியவில்லை. இது போதும், இனி அவன் தப்ப மாட்டான் என்று அரசாங்க வக்கீல் கையைக் குலுக்கினார்.

நடைபாதையில் கோசிகா காத்திருந்தாள். கண் கலங்கியிருந்தது. சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்து, காலையில் செய்த வீரச் செயலைச் சொல்ல அவர் வாயெடுத்தார். அவள் முந்திக்கொண்டாள்.

"அங்கிள், என்னை மன்னிக்கவேணும். காவலுக்கு ஆள் இல்லை எண்டு போனில சொன்னது பொய். ஆரும் ஒட்டுக் கேட்டாலும் எண்டுதான் அப்பிடிச் சொன்னனான். எங்கட ஸ்டேஷனில பயப்படாமல் மிச்சம் நிண்டது இரண்டே இரண்டு பேர். அவங்களைத்தான் சாதாரண உடுப்பில, ஒரு சாம்பல் நிறக் காரில, உங்கட வாசல்ல விட்டனான். இண்டைக்குக் காலைமை அவங்களும் வயித்துவலி எண்டு லீவு கேட்டிட்டாங்கள். கடைசியில கும்பல்காரர் அவங்களையும் வெருட்டிப்போட்டாங்கள், அங்கிள்."

வயிற்றுவலி என்று லீவு எடுத்த பதினொரு பேரில் இரண்டு பேர் மட்டும் பொய் சொல்லவில்லை என்பதை எங்கே தொடங்கி எப்படிச் சொல்வது என்று தெரியாமல், பாலேந்திரா தன் சப்பாத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.