டக் என்ற சத்தம்

"பெல்ட்டைக் கழட்டுங்கோ, அக்கா."

லொறி உறைந்த ஏரியின் கரையில் நின்றது. அவள் பெல்ட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள். ஏன் என்று கேட்டாள்.

ஓட்டிவந்த குகனேந்திரன் தன் பக்கத்துக் கண்ணாடியைப் பாதி இறக்கினான். அவளையும் அவள் பக்கம் இறக்கச் சொன்னான். குளிர் முகத்தில் அறைந்தது. இனி மண் இல்லை, ஐஸ்தான் ரோட்டு என்றான். உடைந்தால் லொறி உடனே தாழும். பெல்ட்டோடு மல்லுக்கட்ட நேரம் இராது. இந்தப் பாதையில் ஓடுகிற எல்லோரும் இந்தக் கரையில்தான் கழற்றுவார்கள்.

எல்லோரும்.

அவள் கழற்றினாள்.

லொறி நடை வேகத்தில் ஏரிக்குள் இறங்கியது. வேகமாகப் போனால் கீழே தண்ணீரில் அலை எழுமாம். அலைதான் ஐஸை உடைக்குமாம்.

அவள் கணவர் போன மாசியில் இந்த ஏரியில்தான் லொறியோடு தாழ்ந்து போனார். இருக்கையில் இருந்தபடியே இருந்தார் என்று உடலை எடுத்தவர்கள் சொன்னார்கள். நித்திரையாகியிருப்பார் என்று அவள் எண்ணியிருந்தாள்.

அந்த இடத்தைப் பார்க்கத்தான் ரொறன்ரோவிலிருந்து வந்திருக்கிறாள். அவரோடு லொறி ஓடியவன் என்பதால் குகன் ஏற்றிவந்தான்.

ஒரே தம்பியை நெடுஞ்சாலையில், பெல்ட் போடாததால் இழந்தவள் அவள். அதனால் ஓடும்போது ஒருநாளும் பெல்ட்டைக் கழற்றுவதில்லை என்று கணவரிடம் வாக்கு வாங்கியிருந்தாள். காலையில் லொறியை எடுக்குமுன் அழைப்பார். போனைப் பெல்ட்டுக்குக் கிட்டப் பிடிப்பார்.

டக்.

கேட்டுதோ, பொலிஸம்மா என்பார்.

கேட்டுது என்பாள். அதன் பிறகுதான் அவளுக்குத் தேத்தண்ணி இறங்கும்.

ஐஸைப் பற்றி அவர் ஒன்றும் சொன்னதில்லை. வடக்கில் ரோட்டு நல்லது, சனமே இல்லை என்பார்.

நடு ஏரியில் பாதை வளைந்தது. வளைவுக்கு உள்ளே, ஐஸில் வட்டமாகச் சின்ன மரக்கிளைகளை அடையாளத்துக்கு நட்டிருந்தார்கள்.

கொஞ்சம் நிற்பாட்டச் சொன்னாள். ஏலாது என்றான். நின்றால் பாரம் ஒரே இடத்தில் இறங்கும். இன்னும் மெதுவாக ஓட்டினான்.

அந்த இடம் அவள் ஜன்னலைக் கடந்தது.

வெள்ளைதான். மற்ற இடங்களைப் போலவே.

குகன் பாதையைப் பார்த்தபடியே சொன்னான்.

"எத்தினை தரம் சொன்னனாங்கள், அக்கா. அண்ணை ஒருத்தர்தான் கழட்டாதவர். வாக்குக் குடுத்திட்டன் எண்டு சிரிப்பார். ஏதோ கோயில் நேத்திக்கடனாக்கும் எண்டு நாங்கள் பகிடி பண்ணுவம். ஆருக்குக் குடுத்தது எண்டு கடைசிவரைக்கும் சொல்லேல்லை."

அவள் கண்ணாடியை இன்னும் இறக்கினாள். கண்ணீருக்குக் குளிரைச் சாட்டலாம்.

அக்கரை வந்தது. லொறி மேட்டில் ஏறியது. இனிப் பயமில்லை, பெல்ட்டைப் போடலாம் என்றான் குகன்.

முதலில் தன்னுடையதைப் போட்டான்.

டக்.

"கேட்டுது," என்றாள் அவள்.