ஓய்வுநாள் வேலை

ஆராதனை நேரத்தில், கோயில் சுவரோரம் உட்கார்ந்து ஒருவன் கார் சக்கரம் தேய்த்தால் யாருக்குத்தான் கோபம் வராது?

கறக்... கறக்... பிரஷ் சத்தம் பக்கத்து ஜன்னல் வழியாக உள்ளே வந்துகொண்டேயிருந்தது. போதகர் ஜெபிக்கிறார், இவன் தேய்க்கிறான்.

வழக்கமான முன்பெஞ்சை விட்டு அன்றைக்கு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ரத்னாபாய்க்கு ஜெபத்தில் மனம் நிற்கவில்லை. பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கு அவள்தான் செயலாளர். கோயில் ஒழுங்கு எங்கே குலைந்தாலும் முதலில் அவள் கண்ணில்தான் படும்.

"அது எலிசாள் வீட்டு டிரைவர்தானே ஷெமி?" பக்கத்திலிருந்த கல்லூரிப் பெண்ணிடம் கிசுகிசுத்தாள்.

"ஆமா மாமி, யோசுவா அண்ணன். எல்லா ஞாயிறும் இங்கதான் நிப்பாரு. பாவம் அல்லே, விடுங்க."

"விடுறதா? இப்ப மலையாள ஆராதனைக்கு ஆளு வந்திரும். தமிழ்க்காரங்க கோயில வொர்க்‌ஷாப் ஆக்கிட்டாங்கன்னு சிரிக்கமாட்டாங்களா?"

காணிக்கைப் பாட்டு தொடங்கி எல்லாரும் எழுந்து நின்ற சமயம் பார்த்து, ரத்னாபாய் பக்கக் கதவு வழியாக வெளியே வந்தாள்.

ஜன்னலை ஒட்டி அந்தப் பெரிய வெள்ளைக் கார் நின்றது. சாலை பஜாரில் பாத்திரக் கடை வைத்திருக்கும் எலிசாள் குடும்பம் போன வருஷம் வாங்கியது. முன்சக்கரத்துக்கு எதிரே யோசுவா குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். ஒரு வாளி சோப்புத் தண்ணீர், கையில் பழைய டூத் பிரஷ். அலாய் வீலின் இடுக்குகளில் அப்பியிருந்த கறுப்பைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"ஏய், யோசுவா!"

பிரஷ் நின்றது. பதறி எழுந்தான். "ஸ்தோத்திரம் மாமி."

"ஸ்தோத்திரத்துக்கு ஒண்ணும் குறைச்சலில்ல. வேதத்துல உள்ள யோசுவா எரிகோ மதிலையே விழ வச்சாரு. நீ அந்தப் பேரை வச்சுக்கிட்டு இங்க அழுக்கை விழ வைக்கிற."

அவன் சிரிக்க முயன்றான். "பிரேக் தேயுற பொடியாக்கும் மாமி. சூட்டோட ஒட்டிப் பிடிச்சிரும். சும்மா துடைச்சா போகாது."

"எனக்குப் பாடம் எடுக்காதே. எங்க வண்டியும் அலாய் வீல்தான். எங்க டிரைவர் தினமும் சக்கரத்துல தண்ணி பீச்சி விடுவான், ஒரு பொடி நிக்காது. நீ வாரம் பூரா சோம்பிக் கிடந்துட்டு, கர்த்தருடைய நாள்ல வந்து சுரண்டுற. என்ன?"

"தப்புதான் மாமி."

அவன் ஒத்துக்கொண்டுவிட்டான். ரத்னாபாயின் கோபத்துக்கு அது போதவில்லை.

"தப்புன்னா வண்டிய எடு. அடுத்த ஞாயிறு இது கேட்டுக்குள்ள வரக்கூடாது. வாட்ச்மேன்கிட்ட இன்னைக்கே சொல்லிருவேன்."

யோசுவாவின் முகம் வெளுத்தது. "ஐயோ, அது மட்டும் சொல்லாதீங்க மாமி. என்னை என்ன வேணும்னாலும் ஏசுங்க. வண்டி வரக்கூடாதுன்னு மட்டும் சொல்லாதீங்க."

"ஏன்? புதுக் காரை நாங்க பாத்துக்கிட்டே இருக்கணும்னு உன் எலிசாளம்மா சொல்லி அனுப்பினாளா?"

"மாமி, கொஞ்சம் மெதுவா..."

"எதுக்கு மெதுவா? பாட்டுக்குழுவுல முன்வரிசையில நின்னவ. ஆபரேஷன் முடிஞ்சு வந்தபிறகு கோயில் வாசலை மிதிச்சாளா? சுகம் விசாரிக்கப் போனவங்களையும் கேட்டோட திருப்பி அனுப்புறா. குரல் இருந்தவரைக்கும் கர்த்தர் வேணும். குரல் போச்சு, கர்த்தரும் வேண்டாம். தொண்டை போனா என்ன, மண்டியிட முழங்கால் இருக்கில்லா?"

யோசுவா சட்டென்று நகர்ந்து, அவளுக்கும் காரின் பின்கதவுக்கும் நடுவில் வந்து நின்றான். ஈரக் கைகளைச் சேர்த்துக் கும்பிட்டான். குரல் காற்றாகத்தான் வந்தது.

"போதும் மாமி. அம்மா உள்ளதான் இருக்காங்க."

ரத்னாபாய்க்குப் புரியவில்லை. "எங்க?"

"பின்சீட்டுல. எல்லா ஞாயிறும் வருவாங்க. இப்ப கழுத்துல போட்ட ஓட்டை வழியாத்தான் மூச்சு. இருமல் வந்தா நிக்காது. கோயிலுக்குள்ள எல்லாரும் திரும்பிப் பாப்பாங்கன்னு கூச்சம். ஆனா பாட்டு கேக்காம இருக்க முடியல. ஜன்னல்கிட்ட நிறுத்தினா தாளம் போட்டுக்கிட்டே கேப்பாங்க."

"அதுக்கு நீ ஏண்டே சக்கரத்தை..."

"சும்மா நிறுத்தினா உள்ள யாருன்னு எட்டிப் பாப்பாங்கல்லா? அதனால வாரம் பூரா கழுவாம வச்சிருந்து, இங்க வந்து தேய்க்கேன். என்னை ஏசுறவங்க யாரும் உள்ள எட்டிப் பாக்கறதில்ல மாமி."

பின்கதவின் கறுப்புக் கண்ணாடி கொஞ்சம் இறங்கியிருந்ததை ரத்னாபாய் அப்போதுதான் கண்டாள். அதன் விளிம்பில் மெலிந்த விரல்கள் நாலு.

கோயிலுக்குள் பாட்டு இன்னும் முடியவில்லை. அந்த விரல்கள் மட்டும் தாளம் போடாமல் நின்றிருந்தன.