மடிப்பில் விழுந்த நிழல்

கட்டைவிரல் உயரப் பொம்மைகளுக்கு வர்ணம் தீட்டுவது அவர் தொழில். மனைவி பார்த்துச் சரி என்றால்தான் எதுவும் கடைக்குப் போகும்.

அன்று ஒரு நடனக்காரிப் பொம்மையை அவளிடம் நீட்டினார்.

"பாவாடை மடிப்புல பழுப்பு வார்னிஷ் விட்டிருக்கேன். நிழல் சரியா விழுந்திருக்கா பாரு."

ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கச்சிதமா இறங்கியிருக்கு."

"போன வாரம் நீ சரின்னு சொன்னதைத் திட்டுத்திட்டா இருக்குன்னு கடையில திருப்பிட்டாங்க. அதான் கேட்டேன்."

"இதுல ஒரு குறை சொல்ல முடியாதுங்க."

அவர் பொம்மையை வாங்கிக்கொண்டார். வெறும் வெள்ளைப் பூச்சோடு இருந்த அதில் இன்னும் ஒரு துளி வர்ணம்கூடப் படவில்லை.

"நாளைக்குக் கண் டாக்டர்கிட்ட போகணும்."

அவள் தயங்கினாள். "யாருக்கு?"

"எனக்குத்தான். துணைக்கு நீயும் வா."