கணக்கில் சேராத பெயின்டர்

"நீங்க அனுப்பின கணக்குல நம்பரை எழுதினவங்களுக்குக் கண்ணு தெரியலையா, இல்ல கை நடுங்கிச்சான்னு எங்க மேலதிகாரி கேட்டுட்டு வரச் சொன்னார்" என்றாள் புள்ளியியல் அதிகாரி.

போர்மேன் அக்காவுக்குச் சுர்ரென்று ஏறியது.

"ரெண்டும் நல்லாத்தான் இருக்கு மேடம். அவருக்கு என்ன வந்துச்சாம்?"

"தொழில் மந்தத்துல விழுந்த வட்டாரம் எதுவும் இன்னும் எழுந்திருக்கல. உங்க வட்டாரத்துல மட்டும் வேலைக்குப் போறவங்க கூடியிருக்காங்க, சம்பளம் கூடியிருக்கு, கடைங்க கூடியிருக்கு. எங்க ஆபீஸ்ல ஒருத்தரும் நம்பல. நேர்ல பார்த்துட்டு வான்னு என்னை அனுப்பியிருக்காங்க."

"நீங்களும் நம்பலைன்னா?"

"பழைய கணக்கே நிற்கும். தொழில் செத்துப்போன வட்டாரம்னு அறிக்கை போயிடும்."

அப்படி ஓர் அறிக்கை போனால் என்ன ஆகும் என்று அக்காவுக்குத் தெரியும். கட்டில் வாங்க வரும் ஆஸ்பத்திரிக்காரர்கள் வாசலோடு திரும்பிவிடுவார்கள். வங்கிக்காரர் போனையே எடுக்க மாட்டார்.

ஃப்ரிட்ஜ் கம்பெனி மந்தத்தில் கதவைச் சாத்தியபோது நடுத்தெருவில் நின்றவர்களில் அவளும் ஒருத்தி. அழுது முடித்த கையோடு, அதே ஷெட்டை வாடகைக்குப் பிடித்து, தன்னோடு வேலை போனவர்களைச் சேர்த்துக்கொண்டு ஆஸ்பத்திரிக் கட்டில் செய்ய ஆரம்பித்தாள். முதலில் சம்பளம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. இப்போது இரண்டு ஷிப்ட் ஓடுகிறது. அவள் முதலாளி ஆன பிறகும் 'போர்மேன் அக்கா' என்ற பழைய பெயர்தான் நிலைத்துவிட்டது.

"வாங்க மேடம். ஒவ்வொருத்தரா கேளுங்க. யாரையும் விட்டுடாதீங்க."

"விசாரணைன்னா விசாரணைதான். கணக்கெடுக்கிற அன்னைக்கு மட்டும் ஆள் பிடிச்சு நிறுத்துற இடமெல்லாம் பார்த்தவ நான்."

சும்மா சொல்லவில்லை. வெல்டரை வாயால் கேட்டதோடு விடாமல், ஒரு கட்டில் காலைப் பற்றவைத்துக் காட்டச் சொன்னாள். மெத்தை தைக்கும் பெண்ணிடம், "போன மாசச் சம்பளம் கைக்கு வந்துச்சா, இல்ல பேச்சோட சரியா?" என்றாள்.

"வந்துச்சு மேடம். மந்தத்துக்கு முன்னாடி வாங்கினதைவிடக் கூடவே வந்துச்சு. எங்க மாமியார் இப்பல்லாம் எனக்கு டீ போட்டுத் தர்றாங்கன்னா பார்த்துக்கங்க!"

ஷெட்டே சிரித்தது. அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை.

பெயின்ட் அடிக்கும் பக்கம் வந்தாள். முகமூடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பெயின்டர் தயாராக நின்றான். அவனை ஏற இறங்கப் பார்த்தாள். ஒரு வார்த்தை பேசாமல் அடுத்திருந்த பேக்கிங் பெண்ணிடம் போய்விட்டாள்.

எல்லாம் முடிந்ததும் அங்கேயே நின்று போன் போட்டாள்.

"சார், தப்பு எதுவும் இல்ல. ஆளுங்க உண்மை, சம்பளம் உண்மை. தெருவுல புதுசா திறந்த கடைங்களையும் பார்த்துட்டுத்தான் வந்தேன். முடிவெட்டுறவர் கடையில இடம் கிடைக்காம வெளியில நிக்கிறாங்க சார்! ஆமா, சுத்துப்பட்டுல முதல்ல எழுந்தது இவங்கதான். நான் கையெழுத்துப் போடறேன்."

விசில் பறந்தது. கட்டில் சட்டங்களில் சுத்தியலால் தாளம் போட்டார்கள். வெல்டர், வயதை மறந்து ஆடினார்.

போர்மேன் அக்கா மட்டும் ஆடவில்லை.

"மேடம், எங்க பெயின்டரை நீங்க எழுதல."

"எழுதல."

"மறந்துட்டீங்களா?"

"இல்ல. தெரிஞ்சேதான் விட்டேன்."

தாளம் பொசுக்கென்று அடங்கியது.

"ஏன், அவன் ஒருத்தனை மட்டும் உங்களுக்காகக் கூட்டிட்டு வந்தோம்னு நினைக்கிறீங்களா? டவுன்ல கார் ஒர்க்‌ஷாப் மூடினதுல வேலை போய், ரெண்டு வருஷம் வீட்டுல முடங்கிக் கிடந்தவன் மேடம். போன மாசம்தான் இங்க சேர்ந்தான். அந்தக் கட்டில்ல முகம் தெரியுது பாருங்க, அது அவன் கை!"

"அவர் வேலையை நான் குறை சொல்லல."

"விடுங்கக்கா. மேடம் செஞ்சா சரியாத்தான் இருக்கும்" என்றான் பெயின்டர்.

"நீ சும்மா இரு தம்பி! இப்படி வாயில்லாப் பூச்சியா இருந்தா எல்லாரும் ஏறி மிதிக்கத்தான் செய்வாங்க." அக்கா மறுபடி அதிகாரியிடம் திரும்பினாள். "பொண்டாட்டி சம்பாத்தியத்துல சாப்பிடறோமேன்னு எவ்வளவு குமைஞ்சிருக்கான் தெரியுமா? அந்தப் பொண்ணு ஒருநாள்கூட முகம் சுளிச்சதில்லையாம். அதனாலயே சோறு இறங்கலையாம். முதல் சம்பளம் வாங்கின அன்னைக்கு இதே இடத்துல நின்னு அழுதான். இவனை விட்டுட்டு வர்ற நல்ல பேரு எங்களுக்கு வேண்டாம். கையெழுத்துப் போடாதீங்க!"

"வேண்டாம்!" என்றது ஷெட் முழுக்க ஒரே குரலில்.

அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். துடைத்தாள். திரும்பவும் துடைத்தாள்.

"நாளைக்கு எங்க ஆபீஸ்லேர்ந்து வேற ஒருத்தர் வந்து அவரை எழுதிப்பார். சொந்தப் புருஷனை நானே கணக்கெடுக்கக் கூடாதுன்னு ரூல் இருக்குக்கா!"