பெரியப்பாவின் கோட்டு

மீன் எண்ணெய் கேப்சூலின் உறை ஜெலட்டினால் ஆனது. சும்மா கிடந்தால் கண்ணாடி மணிபோல இறுகியிருக்கும். சூடும் ஈரமும் சேர்ந்தால் இளகி, பிசுபிசுத்து, மெல்ல வாய்திறக்கும். உள்ளே இருக்கும் எண்ணெய் பழசாகியிருந்தால் அந்த நாற்றம் எந்தச் சலவைக்கும் போகாது.

ஆதிரையின் பெரியப்பா அந்தக் கேப்சூலை விற்பவர். அவர் பேச்சைக் கேட்டுத்தான், அவளுடைய கவனச்சிதறலுக்கு டாக்டர் கொடுத்த மருந்தை நிறுத்திவிட்டு அப்பா இதைக் கொடுக்க ஆரம்பித்தார். பத்தாம் வகுப்புக் கணக்கில் அவள் தோற்றாள். தோழிகள் பதினொன்றுக்குப் போய்விட்டார்கள். ஆனாலும் விற்பனைக் கூட்டங்களில் குணமாகிவிட்ட பிள்ளையாக அவள் மேடையேற வேண்டும்.

மேடைக்கென்றே பெரியப்பா வைத்திருந்த கோட்டு, பட்டன் தைக்க வீட்டுக்கு வந்தது. ஆதிரை அக்குள் பக்கத்து உள்துணியைப் பிரித்தாள். விழுங்காமல் ஜன்னல் வெயிலில் சேர்த்துவைத்த கேப்சூல்களை வரிசையாக அடுக்கி, நூல் தெரியாமல் தைத்து மூடினாள்.

கூடத்திலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். "என்னடி, அதிசயமா அசையாம உக்காந்திருக்க?"

"பட்டன் தைக்கிறேம்மா."

"பாத்தியா, மீன் மாத்திரை வேலை செய்யுது!"

மண்டபத்தில் மேடை விளக்குகள் சுட்டன. பெரியப்பா வியர்க்க வியர்க்க அவளைத் தோளோடு அணைத்தார். "ஒரு எடத்துல நிக்காத புள்ளைங்க இது. இப்பப் பாருங்க, என்னா கவனம்!"

கூட்டம் கைதட்டியது. முன்வரிசையில் ஒருவர் மட்டும் மூக்கைச் சுளித்தார்.

ஆதிரை புன்னகைத்து, பெரியப்பாவின் விலாவோடு இன்னும் கொஞ்சம் அழுந்தி நின்றாள்.