சிறகுக்கு அடியில்

பத்து காவான் என்ற ஊரின் கோழி ஆலையில் புதிய கேமராவுக்கு இன்று முதல் நாள். மேலே ஓடும் சங்கிலியில் உரித்த கோழிகள் தலைகீழாக வருகின்றன. கேமரா ஒவ்வொன்றின் நெஞ்சையும் பார்க்கிறது, நல்லதென்றால் பச்சை விளக்கு எரிகிறது. கண்ணாடிச் சுவருக்கு அப்பால், கேமராவைப் பார்க்கத் தீவு நகரமான ஜார்ஜ் டவுனிலிருந்து கடற்பாலம் தாண்டி வந்த விருந்தாளிகள் ஒவ்வொரு பச்சைக்கும் தலையாட்டுகிறார்கள். இந்தப் பக்கக் குளிரில் லோகேஸ்வரி நிற்கிறாள். பதினெட்டு வருடமாகக் கெட்ட கோழியைக் கையால் தடவிப் பார்த்து ஒதுக்கி வந்தவள். நாளை முதல் அவளுக்குப் பெட்டி அடுக்கும் வேலை. இன்று சும்மா நின்றால் போதுமாம். பச்சை வாங்கிய ஒரு கோழி கடக்கும்போது அவள் கை தானாகவே சிறகைத் தூக்குகிறது. அடியில் எலுமிச்சை அளவு சீழ்க்கட்டி. சிவப்புப் பொத்தானை அமுக்குகிறாள். சங்கிலி நின்றுவிடுகிறது, இரைச்சலில் இதுவரை கேட்காத தண்ணீர்ச் சொட்டு கேட்கிறது. சூப்பர்வைசர் குணாளன் ஓடி வருகிறான்.

“அக்கா, மெஷினே ஓகே சொல்லிருச்சு. விடுங்க லா, ஆளுங்க பாக்குறாங்க.”

“பாக்கட்டும் தம்பி. பாக்கத்தான வந்திருக்காங்க.”

கோழியைக் கொக்கியிலிருந்து கழற்றி, சிறகை விரித்து, கண்ணாடியில் வைத்து அழுத்துகிறாள். அந்தப் பக்கம் ஒருவர் பின்வாங்குகிறார். அவள் தலைக்கு மேல் பச்சை விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருக்கிறது.